பைத்தான் பாஷையின் விருத்தாந்தமும் நம் எழுத்தும்

சேலம், நாமக்கல் சமவெளியில் வசிக்கும் நம்மவரிற் பலர், கணினித் தொழில் என்பது கடல் கடந்து வந்த புதுமை என்றே எண்ணியிருக்கின்றனர். இது முற்றிலும் சரியன்று. இளம்பிள்ளை முதலிய ஊர்களில் சேலைத் தறியின் மேல் ஏற்றியிருக்கும் ஜக்கார்டுப் பெட்டியை நேயர்கள் பார்த்திருப்பார்கள். அதிற் கோத்த அட்டையில் துளை உள்ள இடத்தில் பாவு நூல் உயரும். துளையில்லாத இடத்தில் உயராது. அட்டையை மாற்றினால் பூ மாறும். தறியை மாற்ற வேண்டுவதில்லை. பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜோசப் மரீ ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டு அமைத்த இந்த ஏற்பாட்டைக் கண்டே, இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தாம் வகுத்த கணக்குப் பொறிக்கும் துளையட்டையால் கட்டளையிடக் கருதினார். அப்பொறி முற்றுப்பெறவில்லை. எனினும் அந்தக் கருத்து மாளவில்லை. 1890-இல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கைத் துளையட்டை கொண்டே எண்ணி முடித்தார்கள். ஆகவே, தறி வீட்டுப் பிள்ளை இன்று கணினிக்குக் கட்டளை எழுதப் புகுவானாயின், அவன் அந்நியர் வாசலில் நிற்பவன் அல்லன்.

அவ்வாறு கட்டளை எழுதும் பாஷைகளுள் இக்காலத்தில் மிகுதியும் பயில்வது பைத்தான். நம் மாகாணத்துப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் 2019 முதல் இடம்பெற்றதனால், திருச்செங்கோடு, இராசிபுரம், சங்ககிரி வட்டங்களில் லாரித் தொழிலும் விசைத்தறியும் நடத்தும் வீடுகளுக்குள்ளும் இப்பெயர் நுழைந்துவிட்டது. பெயரைக் கேட்டுப் பாம்போ என்று பெரியோர் வினவுவர். பாம்பன்று, ஆங்கில நகைச்சுவைக் கூட்டத்தார் ஒருவரின் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பெயரை, இதனை இயற்றியவர் விளையாட்டாக இட்டார். அவர் ஹாலந்து தேசத்து கீடோ வான் ராசம். ஆம்ஸ்டர்டாம் நகரத்து கணித ஆராய்ச்சி நிலையமொன்றில் உத்தியோகம் பார்த்த அவர், 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் இதனைத் தொடங்கி, 1991 பிப்ரவரியில் உலகோர்க்கு அளித்தார். விலை வாங்கவில்லை.

இந்தப் பாஷையின் சரித்திரத்தில் நமக்கு மிக நெருங்கிய சங்கதி ஒன்று உண்டு. 2008 டிசம்பர் 3-ஆம் தேதி பைத்தான் மூன்றாம் பதிப்பு வெளியாயிற்று. பழைய பதிப்பில் எழுதியவை பல, புதியதில் ஓடா என்று தெரிந்தே அதனை வெளியிட்டார்கள். ஏழை இரண்டால் வகுக்கச் சொன்னால் பழையது மூன்று என்னும். புதியது மூன்றரை என்னும். இது சிறிய மாற்றம். பெரிய மாற்றம் எழுத்தைப் பற்றியது.

பழைய பதிப்பில் சாதாரணச் சொல் என்பது ரோம எழுத்தை மனத்திற்கொண்டு அமைந்த பைட்டுகளின் வரிசையே. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூ.டி.எஃப்-8 என்னும் முறையில் மூன்று பைட்டு இடம் கொள்ளும். ஆதலால் ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைப் பழைய பைத்தானிடம் வினவினால் பதினைந்து என்று விடை வரும். பிற எழுத்துகளுக்கென ஒரு தனி வகையும் இருந்தது. ஆனால் சொல்லின் முன்னே அடையாளம் இட வேண்டும், மறந்து இரண்டையும் கலந்தால் வேலை நடுவில் நின்றுவிடும். புதிய பதிப்போ எல்லா எழுத்தையும் யூனிகோட் என்னும் உலகப் பொது அட்டவணைப்படியே கொள்கிறது. அதனிடம் கேட்டால் ஐந்து என்னும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எனத் தனித்தனியே எண்ணுவதால் ஐந்து. நம் வீட்டுப் பாலகன் த, மி, ழ் என மூன்றே எண்ணுவான்! அந்த மூன்றையும் தருவதற்கு ‘ஓப்பன் தமிழ்’ என்னும் தொகுதியைத் தமிழ் அன்பர்களே பைத்தானில் எழுதி இலவசமாக வைத்திருக்கின்றனர். அவர்களுள் ஒருவரான முத்து அண்ணாமலை என்னும் பொறியாளர், தமிழ்ச் சொற்களாலேயே கட்டளையிடும் ‘எழில்’ என்னும் பாஷையையும் பைத்தானைக் கொண்டே அமைத்தார். அதில் ‘பதிப்பி’ என்று எழுதினால் திரையில் பதிக்கும்.

ஆக, உலகமெங்கும் கணினியாளர் பல்லாண்டு முணுமுணுத்த அந்த மாற்றம், நம்முடையதைப் போன்ற எழுத்துகளுக்குச் சம ஆசனம் கொடுக்கும் பொருட்டு நிகழ்ந்ததாகும். இதனை நம்மவர் பெருமையாகப் பேசக் கேட்டதில்லை.

மாற்றத்தை அவர்கள் நடத்திய முறையும் கவனிக்கத்தக்கது. திடீரென்று எதையும் செய்யவில்லை. 2000-ஆம் ஆண்டு முதலாகவே, ஒவ்வொரு திருத்த யோசனைக்கும் இலக்கமிட்டு, காரணம் எழுதி, யாவரும் படிக்க வைப்பது அவர்கள் வழக்கம். இரண்டாம் பதிப்புக்கு 2015-இல் முடிவு என்று முதலிற் குறித்தனர். ஜனங்கள் ஆயத்தமாகவில்லையென்று கண்டு 2014-இல் அதனை 2020 வரை நீட்டினர். 2020 ஜனவரி முதல் தேதியோடு அதன் ஆதரவு நின்றது. பதினோர் ஆண்டுக்கு மேற்பட்ட அவகாசம்! அப்படியிருந்தும் கடைசி மாதத்தில் ஓடி விழித்தவர் அநேகர். 2018 ஜூலையில் கீடோ தலைமையினின்றும் விலகிக்கொண்டபோது பைத்தான் அழிந்தது என்றுகூடச் சிலர் எழுதினார்கள். நடந்தது வேறு: 2019-இல் ஐவர் கொண்ட நிர்வாக சபையை அங்கத்தினர் வாக்கிட்டுத் தெரிந்தெடுத்தனர். சங்கம் நடத்தும் நமக்கு இது விளங்காததன்று.

இப்பொழுதும் மாறுதல் நடந்துகொண்டே இருக்கிறது. பட்டறையிற் பத்துத் தறி இருந்தும் நாடா ஒன்றே என்றால் ஒரு சமயத்தில் ஒரு தறியே ஓடும். பைத்தானிலும் இவ்விதப் பூட்டு ஒன்று ஆதி முதல் உண்டு. அதனை நீக்கிய வகை 2024 அக்டோபரில் வந்த 3.13-இல் பரீட்சையாகவும், 2025 அக்டோபரில் வந்த 3.14-இல், வேண்டுவோர்க்கு மட்டுமெனினும், முறைப்படி ஏற்கப்பட்டதாகவும் வந்தது.

தொழிலுலகச் செய்தியோ இதனினும் வேகமுடையது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி தோன்றியது முதல், இனிக் கட்டளை எழுதக் கற்பதே வீண் என்பாரும், ஆறு மாதத்திற் பெருஞ்சம்பளம் என்று ஆசை காட்டிப் பணம் வசூலிப்பாரும் ஒரே தெருவில் இருக்கின்றனர். 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி தன் சிப்பந்திகளில் நூற்றுக்கு இரண்டு பேரளவு, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைப்பதாக அறிவித்தது. அச்சேதி ஊர் ஊராய்ப் பரவும்போது விகிதம் உதிர்ந்து, பயம் மட்டும் வளரக் கண்டோம். நிலத்தை அடகு வைத்து மகளைப் படிக்க வைக்கும் தகப்பனாருக்கு இது வேடிக்கையான விஷயமன்று.

நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் எவரும் டீக்கடையிற் கேட்டதை நம்பி முட்டையை வண்டியேற்றுவதில்லை. முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலையைத் தாமே பார்க்கிறார். அந்தப் பழக்கம் பிள்ளையின் படிப்பு விஷயத்தில் மட்டும் ஏன் நம்மை விட்டு அகல்கிறது? பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுமுன், எந்தப் பதிப்பைக் கற்பிக்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்கலாம். பைத்தான் அறநிறுவனம் தன் இணையதளத்தில் ஒவ்வொரு பதிப்பின் பிறப்பையும் முடிவையும் முன்கூட்டியே அட்டவணையிட்டு வைத்திருக்கிறது. ஆண்டுக்கொரு பதிப்பு அக்டோபரில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஆயுள் ஏறத்தாழ ஐந்து ஆண்டு. 2021-இல் வெளிவந்த 3.10-க்கு அவர்கள் குறித்த முடிவு 2026 அக்டோபர், 3.14-க்கு 2030 அக்டோபர்.