பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கூலியும் விலைவாசியும்

பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே இணைக்கப்பட்டு, 2007இல் மீண்டும் தனி மாவட்டமானது. பெரும்பகுதி மானாவாரி நிலம். பெரம்பலூரில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி. திருமானூரை ஒட்டிய கொள்ளிடக் கரையில் நெல்.

நெல் விளைந்த ஊர்களில் அறுப்புக் கூலியைக் களத்திலேயே மரக்காலால் அளந்து போட்டார்கள். கூலி குறைவுதான், ஆனால் அரிசி விலை ஏறினாலும் அளந்த நெல் குறையாது. பணக்கூலி வந்தபின் அந்தக் காப்பு போயிற்று. ரேஷன் கடைதான் அதை ஓரளவு மீட்டுத் தந்தது. 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. அதே ஆண்டுகளில் அரசு வழங்கிய தொலைக்காட்சி, மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவை கூலிக்காரர் வீட்டுக்கும் வந்தன.

வெங்காயக் காட்டில் கணக்கு வேறு. விலை சரிந்தால் வெங்காயத்தைப் பட்டறை போட்டுச் சேமித்து மாதக்கணக்கில் காத்திருக்க நிலமுள்ளவரால் முடியும். தாள் அறுக்கும் பெண்ணுக்கு அன்றைய கூலி அன்றைக்கே வேண்டும்.

தொழிற்சாலைகள் இல்லாமலில்லை. அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979இல் வந்தது. சுண்ணாம்புக்கல்லை நம்பித் தனியார் ஆலைகள் தொடர்ந்தன. பெரம்பலூரில் நாரணமங்கலம் டயர் ஆலையும் எறையூர் காலணிப் பூங்காவும் பின்னர் வந்தவை. இத்தனை சிமெண்ட் போன அரியலூர் மண், 2017ஆம் ஆண்டு மாநில மனிதவள மேம்பாட்டு அறிக்கையின் மாவட்டத் தரவரிசையில் கடைசி இடத்தில் நின்றது வேதனைக்குரியது.

நூறு நாள் வேலைத் திட்டம் 2008 ஏப்ரலில் நாட்டின் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் விரிந்தபோது தமிழ்நாட்டில் நாள்கூலி 80 ரூபாய், 2025–26இல் 336. நான்கு மடங்குக்கு மேல். ஆனால் 2008இல் பத்தாயிரம் ரூபாயை ஒட்டியிருந்த ஒரு சவரன் தங்கம் 2025 ஏப்ரல் தொடக்கத்தில் 68,000ஐத் தொட்டது. மகள் கல்யாணத்துக்கு ஒரு சவரன் சேர்க்க 2008இல் சுமார் 125 நாள் கூலி போதும்; 2025 ஏப்ரலில் அது 200 நாளைத் தாண்டியது, அதாவது அன்றைய கணக்கில் இரண்டு ஆண்டுக்குரிய முழு வேலை. கூலியை உயர்த்தப் பயன்பட்ட விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீடோ பல்லாண்டுகளாக 1986–87ஐ அடிப்படையாகக் கொண்டிருந்தது. அதில் உணவுக்கே பெரும்பங்கு. கைப்பேசியும் கல்லூரிக் கட்டணமும் இல்லாத காலத்துக் குடும்பச் செலவை வைத்து இன்றைய கூலியை நிர்ணயித்தது அநீதி.