எச்சிவேரியா

பெரும்பாலும் மெக்சிகோ மலைச்சரிவுகளில் விளையும், ரோஜா அடுக்குபோல் இலை விரிக்கும் சதைப்பற்றுத் தாவரப் பேரினம். தாவர ஓவியர் அத்தனாசியோ எச்செவெரியாவின் நினைவாக 1828இல் தே காந்தோல் இப்பெயரைச் சூட்டினார். உறைபனி தாங்காததால் 'மென்' வகையில் சேர்த்தாலும், வீட்டுத் தொட்டியில் இதைக் கொல்வது பெரும்பாலும் குளிரல்ல, தண்ணீர்தான். இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை அமிலமாகச் சேமித்து, பகல் வெயிலில் மூடிக்கொள்ளும் செடி இது. நீரிழப்பு மிகக் குறைவு. ஆகவே தினமும் ஊற்றும் நீர் செலவாகாமல் தேங்கி வேரை அழுகவைக்கிறது. அப்படியானால் அவ்வப்போது ஒரு கரண்டி தெளித்தால் போதாதா? போதாது, மேல்மண் மட்டுமே நனையும். அடித்துளையில் வழியும்வரை ஊற்றி, மண் முழுதும் காய்ந்தபின் மறுபடி ஊற்றுவதே பொருந்தும்.

தொட்டியடியில் ஜல்லி பரப்பினால் நீர் வடிந்துவிடும் என்ற நம்பிக்கையும் நிற்காது. நுண்மண்ணில் பிடிபட்ட நீர் பெருங்கல் இடுக்குக்குள் எளிதில் இறங்காது, மேலேயே தங்கும். பொடி ஜல்லியை மண்ணோடு கலப்பதே பயன் தரும். தண்டு நீண்டு இலைகள் விலகுவது வெளிச்சக்குறை, பசியல்ல; உரமிட்டால் இன்னும் நீளும். உறைபனியே விழாத சென்னையில் எளிதாக வளருமே எனலாம். மலையின் குளிர்ந்த இரவுக்குப் பழகிய செடிக்கு அங்குள்ள புழுக்கமான இரவுதான் சோதனை.