பேரரசின் வரவு செலவு

பிரிட்டனுக்குத் தன் பேரரசால் ஆதாயம் இருந்ததா என்னும் வினாவை நம் நாட்டுத் தமிழர் ஒருவரிடம் எழுப்பினால், இதுவும் ஒரு கேள்வியா என்பது போல் நம்மைப் பார்ப்பார். காட்டை அழித்துப் பால்மரம் நட்டவர்களின் வழித்தோன்றல்கள் நாம். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, நிரை பிடித்து மரம் வெட்டி, வாளி வாளியாகப் பால் சுமந்த பாட்டிமாரின் கூன் விழுந்த முதுகை நாம் கண்டிருக்கிறோம். அந்தப் பால் கப்பலேறிப் போனதையும் அறிவோம். ஆதலின் வினாவே வீண் என்று தோன்றுவது இயல்பு. ஆயினும் பொருளியல் அறிஞரிடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு ஒருமித்த விடை பிறக்கவில்லை. பேரரசு பிரிட்டனுக்கு நட்டமே என்று முடித்தவர்களும் அவர்களுள் உளர். அவர்தம் கணக்கைச் சினமின்றிப் புரட்டிப் பார்த்து, அதில் எந்த ஏடு எழுதப்படாமல் விடப்பட்டது என்று தேடுவோம்.

நட்டக் கணக்கை முதலில் எழுதியவர் ஆதாம் சுமித். 1776ஆம் ஆண்டு வெளிவந்த தம் பெருநூலில், குடியேற்ற நாடுகளின் வணிகத்தைத் தனியுரிமையாக்கி ஆள்வதால் பிரிட்டன் அடைவது இழப்பே என வாதிட்டார். வணிகருக்கு வரும் இலாபத்தைக் காக்கப் பொதுமக்கள் வரி கொடுக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. பின்னாளில் விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக்கிய டிஸ்ரேலியே 1852இல் குடியேற்ற நாடுகளைக் கழுத்தில் தொங்கும் எந்திரக்கல்லாகக் கருதி எழுதியவர்தாம். அரசியலாரின் கழுத்து எவ்வளவு விரைவில் வலுப்பெறுகிறது! 1902இல் ஹாப்சன், பேரரசு நாட்டுக்குக் கெட்ட வாணிகம், நாட்டிலுள்ள சில வகுப்பாருக்கு மட்டும் நல்ல வாணிகம் என்று பிரித்துக் காட்டினார்.

இக்கருத்தை எண்களால் நிறுவ முயன்றவர்கள் டேவிஸ், ஹட்டன்பேக் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள். பல நூறு நிறுவனங்களின் கணக்குகளை ஆராய்ந்து 1986இல் அவர்கள் வெளியிட்ட நூலின் சாரம் இது: ஏறக்குறைய 1880களுக்குப் பின், பேரரசுக்குள் இட்ட முதல் உள்நாட்டில் இட்ட முதலைவிடச் சிறந்த பலனைத் தரவில்லை. ஆனால் பாதுகாப்புச் செலவில் பெரும்பகுதி பிரிட்டனின் வரி செலுத்துவோர் தலையில் விழுந்தது. வரி கொடுத்தவர்கள் பெரும்பாலும் நடுத்தர வகுப்பினர். பேரரசுப் பங்குகளை மிகுதியாக வைத்திருந்தவர்களோ இலண்டன் செல்வர்கள்.

முதலீட்டுக் கணக்கும் இவர்கள் பக்கமே சாய்கிறது. 1913ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டன் வெளிநாடுகளில் இட்டிருந்த முதல் ஏறத்தாழ 376 கோடிப் பவுன் என மதிப்பிடப்பட்டுள்ளது. அதில் பாதிக்கு மேற்பட்ட தொகை பேரரசுக்கு வெளியே இருந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மட்டும் ஏறத்தாழ 75 கோடி; யூனியன் ஜாக் பறக்காத அர்ஜெண்டினாவில் 32 கோடி. இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து பெற்றது 38 கோடி. நம் நீரிணைக் குடியேற்றங்களின் பெயரால் எழுதப்பட்டது ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்தச் சிறு தொகையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பேரரசு இல்லாமலே தொழில் வளம் பெற்ற நாடுகளும் உண்டு. முதல் உலகப் போருக்கு முன் செருமனியின் குடியேற்றங்கள் அதன் வெளிநாட்டு வாணிகத்தில் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. எனினும் எஃகிலும் வேதியலிலும் அது பிரிட்டனை முந்திற்று. இந்தோனேசியத் தீவுகள் கைவிட்டுப் போனால் நாடே அழியும் என்று ஒல்லாந்தர் அஞ்சினர். 1949இல் அவை போயின. அடுத்த பத்தாண்டில் ஒல்லாந்து முன்னிலும் விரைந்து வளர்ந்தது. இவையெல்லாம் மறுக்க முடியாத உண்மைகள். அடிமை நாடுகளைச் சுரண்டியதாலேயே மேலைநாடு செல்வம் பெற்றது என்று ஒரே மூச்சில் பேசிவிடும் நம் மேடைப் பேச்சாளர்கள் இவற்றுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

ஆனால் பாதுகாப்புச் செலவு முழுவதும் பிரிட்டனின் பையிலிருந்தா வந்தது? 1867இல் அபிசீனியாவுக்கும், 1882இல் எகிப்துக்கும் இந்தியப் படைகள் அனுப்பப்பட்டன. செலவின் ஒரு பகுதியை இந்தியக் கருவூலம் சுமந்தது. 1875இல் பாசிர் சாலாக்கில் பர்ச் கொல்லப்பட்டபின் பேராக்கில் இறங்கிய படைகளுள்ளும் இந்தியாவிலிருந்து வந்தவை இருந்தன. இன்னொன்று நம் மண்ணுக்கே உரியது. 1912இல் மலாய்க் கூட்டு மாநிலங்கள் பிரிட்டிஷ் கடற்படைக்குப் போர்க்கப்பல் ஒன்றை அன்பளிப்பாக வழங்க முன்வந்தன. 'மலாயா' என்று பெயரிடப்பட்ட அக்கப்பல் 1916இல் ஜட்லண்டுக் கடற்போரில் பங்கேற்றது. விலை ஏறத்தாழ 30 லட்சம் பவுன். ஈய ஏற்றுமதித் தீர்வையும் அபின் வரியும் நிரப்பிய கருவூலத்திலிருந்து அது வந்தது. ஈயம் தோண்டிய சீனத் தொழிலாளி, தான் அபின் புகைத்த ஒவ்வோர் இரவும் வடகடலில் மிதக்கப்போகும் ஓர் ஆணிக்குக் காசு கொடுத்தான் என்பதை அறிந்திருக்க மாட்டான்.

இந்தியாவின் பங்கு இதைவிடப் பெரிது. தாதாபாய் நௌரோஜி 1901இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்த செல்வ ஒழுக்கை நாம் அறிவோம். ஓய்வூதியம், கடன் வட்டி, இலண்டன் அலுவலகச் செலவு எனத் 'தாயகக் கட்டணம்' என்ற பெயரில் அந்நாளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் பவுன் சென்றது. ஆனால் இதனினும் நுட்பமான ஒரு வழி இருந்தது. அமெரிக்காவோடும் ஐரோப்பாவோடும் நடத்திய வாணிகத்தில் பிரிட்டனுக்குப் பற்றாக்குறை. அதே நாடுகளுக்குச் சணலும் பருத்தியும் தோலும் விற்ற இந்தியாவுக்கோ மிகுதி. இந்த மிகுதி, இலங்காசயர்த் துணிக்கும் தாயகக் கட்டணத்துக்கும் ஈடாக இலண்டன் வழியே பிரிட்டனைச் சென்றடைந்தது. 1910 அளவில் பிரிட்டனின் மொத்தப் பற்றாக்குறையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இந்தியாவால் ஈடுகட்டப்பட்டது எனப் பொருளியல் வரலாற்றாசிரியர் சால் கணக்கிட்டுள்ளார். துணி தடையின்றி விற்கவும் வழி செய்யப்பட்டிருந்தது. இறக்குமதித் துணிக்கு 1896இல் மூன்றரை விழுக்காடு தீர்வை வைத்தபோது, இந்திய ஆலைத் துணிக்கும் அதே அளவு கலால் வரி விதித்தார்கள். தன் நாட்டில் நெய்த துணிக்குத் தானே தண்டம் கட்டிய விந்தை 1920களின் நடுவரை நீடித்தது.

இனி அந்தச் சிறு தொகைக்கு, மலாயாவுக்கு வருவோம். பிரேசில் நாட்டு விதையிலிருந்து கியூ தோட்டத்தில் முளைத்த 22 ரப்பர்க் கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மரத்தைக் கொல்லாமல் பால் வெட்டும் முறையை ரிட்லி வகுத்தார். மோட்டார் வண்டி பெருகிய 1910இல் ரப்பர் விலை இறாத்தலுக்குப் பன்னிரண்டு வெள்ளிச் சில்லிங்கைத் தாண்டியது; நூறு விழுக்காட்டுக்கும் மேல் இலாப ஈவு கொடுத்த தோட்டக் கம்பெனிகள் இருந்தன. முதல் போரின் முடிவில் பிரிட்டன் அமெரிக்காவுக்குக் கடனாளி. உலக ரப்பரில் பாதிக்கு மேல் வாங்கியதும் அமெரிக்காவே. சர்ச்சில் குடியேற்ற நாட்டு அமைச்சராயிருந்த 1922இல் தொடங்கிய ஸ்டீவன்சன் திட்டம், உற்பத்தியைக் குறைத்து விலையை ஏற்றியபோது இந்தக் கடன் நினைவும் அதன் பின்னால் இருந்தது.

விலை வீழ்ந்தபோது என்ன நடந்தது? 1932இல் ரப்பர் இறாத்தல் இரண்டு பென்னிக்கும் கீழே போயிற்று. 1928இல் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என வரையறுத்த நாட்கூலி, பல தோட்டங்களில் 30 காசுக்கும் கீழே இறங்கியது. வேலையிழந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றப்பட்டனர். பேரரசின் நட்டம் என்று அறிஞர் எழுதுகையில், விலை வீழ்ச்சியின் முதல் அடியைத் தாங்கிய இந்த முதுகுகள் அதில் இடம்பெறுவதில்லை. செக்ரோலிலிருந்து ஒரு பெயரை அடித்துவிட்டால் அச்செலவு அத்தோடு தீர்ந்தது.

1945இல் போர் முடிந்தபோது பிரிட்டன் ஓட்டாண்டி. அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கியது. அக்கடனின் நிபந்தனைப்படி 1947 சூலையில் பவுனைத் தடையின்றி டாலராக மாற்ற இசைந்து, ஐந்தே வாரத்தில் கையிருப்புக் கரையக் கண்டு கதவை மூடியது. அப்போது பேரரசில் டாலர் ஈட்டித் தந்த குடியேற்ற நாடுகளுள் முதலிடம் மலாயாவுக்கே. நாம் விற்ற ரப்பருக்கும் ஈயத்துக்கும் அமெரிக்கர் கொடுத்த டாலர் இலண்டனின் பொதுத் தொட்டியில் விழுந்தது. நம் கணக்கில் ஏறியது பவுன். 1948 சூலை முதல் நாள் குடியேற்ற நாட்டு அமைச்சர் கிரீச் ஜோன்ஸ் தம் அமைச்சரவைக்கு இதை எண்ணால் விளக்கினார்: 1947இல் மலாயா, சிங்கப்பூர் ஏற்றுமதி 15 கோடியே 10 லட்சம் பவுன், அதில் டாலர் ஏற்றுமதி 5 கோடியே 60 லட்சம். அது தடைப்பட்டால் ஸ்டெர்லிங் வட்டாரம் முழுவதன் டாலர் நிலையும் மிகக் கெடும் என்பது அவர் எச்சரிக்கை. அவசரகாலம் அறிவிக்கப்பட்டு இரு வாரமே ஆகியிருந்த நேரம் அது. துப்பாக்கிகள் எதைக் காத்தன என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆக, 1913இல் நூற்றில் ஒன்றாய் இருந்த மலாயா, 1947இல் பேரரசின் ஊன்றுகோலாயிற்று. சராசரி இலாப விகிதத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது படாது. பேரரசு பிரிட்டனைச் செல்வமாக்கியது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அதை ஆக்கியது நிலக்கரியும் எந்திரமும் அந்நாட்டுத் தொழிலாளரின் உழைப்புமே. விழ இருந்த வேளைகளில் அதைத் தாங்கியது பேரரசு. தாங்கியதற்கான கூலியைப் பிறர் கொடுத்தனர். அதே தாங்கல் பிரிட்டனுக்குக் கேடும் செய்தது என்பேன். அடங்கிய சந்தையில் பழைய துணியையே விற்றுப் பழகிய இலங்காசயர், சப்பானும் இந்தியாவும் எழுந்தபோது எதிர்நிற்க மாட்டாமல் சரிந்தது.

1957இல் மலாயா விடுதலை பெற்ற பின்னும் தோட்டங்கள் பலவும் இலண்டன் கம்பெனிகளிடமே இருந்தன. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலை, இலண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள், பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் கத்ரி கம்பெனியின் பங்குகளை வாங்கி உரிமையை மலேசியாவுக்குக் கொண்டுவந்தது. இதற்குப் பேரரசு காலத்துக் கணக்கு எதுவும் கழிக்கப்படவில்லை. ஒரு காலத்தில் இந்நாட்டில் எளிய விலைக்கு வழங்கப்பட்ட நிலங்களுக்கு அன்றைய சந்தை விலை முழுவதும் பவுனாகக் கொடுக்கப்பட்டது. அது பங்குதாரர்களின் வரவில் ஏறியது.