ஒரே முடிச்சு, இரண்டு ஓடுகள்

ஐரோப்பாவின் செபேயா நெமொராலிஸ் நத்தையும் பசிபிக்கின் மூரேயா தீவில் வாழும் பார்ட்டுலா டீனியாட்டாவும் வெவ்வேறு குடும்பத்தவை. முன்னது புல்லிலும் பீச் மரக்காட்டுச் சருகிலும் ஊரும். பின்னது இலையின் அடியில் ஒட்டிக்கிடக்கும். முன்னது ஒரே ஈட்டில் பல பத்து முட்டைகளை மண்ணில் புதைக்கும். பின்னது குட்டி போடும், அதுவும் ஒவ்வொன்றாக. மரபுவழியைக் கண்டறிய எது தோது என்று சொல்லவே வேண்டாம்.

செபேயாவின் ஓட்டைப் படிப்பது எளிது. ஐந்து பட்டைகளும் இருந்தால் 12345, நடுப்பட்டை மட்டுமென்றால் 00300, ஒன்றுமில்லையேல் 00000. ஒட்டிக்கொண்ட பட்டைகளை அடைப்புக்குறிக்குள் (12)3(45) என்று எழுதுவார்கள். பழுப்பு இளஞ்சிவப்பை ஓங்கும், இளஞ்சிவப்பு மஞ்சளை ஓங்கும். பட்டையின்மையே பட்டைக்கு ஓங்குபண்பு என்பது சற்று வியப்புதான். நிறத்தையும் பட்டையையும் ஆளும் மரபணுக்கள் குரோமோசோமில் நெருங்கி அமர்ந்திருப்பதால் குறுக்கேற்றத்தில் அவை பிரிவது அரிது. இந்தக் கட்டுக்கு மீமரபணு என்று பெயர்.

பிரையன் கிளார்க்கும் ஜேம்ஸ் மர்ரேயும் பார்ட்டுலாவை ஆய்வகத்தில் பொறுமையாக வளர்த்துக் கலப்பினம் செய்தார்கள். அந்த நத்தை சில வேளை தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்வதால் தந்தை யார் என்ற கேள்வியும் கூடவே வந்தது. 1976-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: அங்கும் நிறமும் பட்டையும் ஒரே மீமரபணுவில் பிணைந்திருந்தன. கடல்களும் குடும்பங்களும் பிரித்த இரு நத்தைகளில் ஒரே முடிச்சு!

முடிச்சு ஒன்றானால் அதை இறுக்கிய கையும் ஒன்றா? செபேயாவுக்கு ஒரு கை தெரியும். 1950-களில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஆர்தர் கெய்னும் பிலிப் ஷெப்பர்டும், பூங்குருவி கல்லில் அடித்து உடைத்துப்போட்ட ஓடுகளைப் பொறுக்கி எண்ணினார்கள். புல்வெளியில் மஞ்சள் மறைந்து தப்பியது. சருகுக்காட்டில் பழுப்பும் இளஞ்சிவப்பும் தப்பின. பறவையின் கண்ணே தேர்வாளர். பார்ட்டுலாவுக்கோ இப்படிக் கைகாட்ட ஒரு பறவை இல்லை. மூரேயாவில் பல ஆண்டுகள் ஓடு சேகரித்த ஹென்றி கிராம்ப்டன், பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறும் நிறங்களுக்கு இயற்கைத் தேர்வு தேவையே இல்லை, தனித்துக் கிடந்ததே போதும் என்று கருதினார்.

ஆனால் செபேயாவை முழுவதும் பறவையிடம் ஒப்படைத்துவிட முடியாது. இங்கிலாந்தின் மார்ல்பரோ மேடுகளில் புல் ஒரே புல்லாக இருக்க, ஓரிடத்தில் ஒரு நிறம் ஓங்குகிறது, சற்றுத் தள்ளி வேறொன்று. 1963-இல் கெய்னும் கர்ரியும் இதற்கு 'பரப்பு விளைவு' என்று பெயரிட்டார்கள். மூரேயாவின் பார்ட்டுலாக்களிலும் அதே திட்டுத்திட்டான பரவல் தெரிந்தது. விளக்கம் கைகொடுக்காத இடத்தில்தான் இரண்டும் அதிகம் நெருங்குகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு வழிகள் பிரிந்தன. நம் ஊர்த் தோட்டங்களையும் மொய்க்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தையை ஒழிக்க, 1977-இல் மூரேயாவில் யூக்ளாண்டினா என்ற கொன்றுதின்னி நத்தையை விட்டார்கள். பத்தே ஆண்டில் பார்ட்டுலாக்கள் காட்டிலிருந்து ஏறத்தாழத் துடைக்கப்பட்டன. பூங்குருவி கண்ணால் தேடும். யூக்ளாண்டினா இரை விட்டுச்சென்ற சளித்தடத்தை முகர்ந்தே பின்தொடரும். அதற்கு மஞ்சளும் ஒன்றுதான், பழுப்பும் ஒன்றுதான்.