சூழலுக்கு இசைந்த தொழிற்சாலைக் கட்டடம்: கல்யாண் வட்டாரம்

மும்பைக்கு வடகிழக்கே உல்லாஸ் ஆற்றங்கரையில் அமைந்துள்ள கல்யாண் நகரையும், அதனை அடுத்த சஹாட், மோஹனே, டோம்பிவிலி ஆகிய தொழில் ஸ்தலங்களையும் பொறுத்தவரை, ஆலைக் கட்டடம் சுற்றுப்புறத்துக்கு இசைந்ததா என்பது ஒளி, காற்று, நீர் ஆகிய மூன்றையும் அது கையாளும் விதத்தைக் கொண்டே நிர்ணயிக்கப்படும்.

இக்கட்டடக் கலையின் ஆதி வடிவம் ரம்பப் பல் கூரையாகும். காவஸ்ஜி தாவர் 1854இல் பம்பாயில் பஞ்சாலைத் தொழிலுக்கு அஸ்திவாரமிட்ட பின்னர் அந்நகரெங்கும் பரவிய இக்கூரை, செங்குத்தான கண்ணாடி முகத்தை வடக்கே திருப்பி, வெப்பமற்ற சீரான வெளிச்சத்தை மட்டும் உள்ளே அனுமதிப்பது. இங்கிலாந்தில் குறையற்றதாயிருந்த இவ்வமைப்பு, 19 பாகை அட்சரேகையில் உள்ள கல்யாணில் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்கிறது. மே மாத நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை நண்பகற் சூரியனும் உச்சிக்கு வடக்கே சஞ்சரிப்பதால், ஜூனில் மேகம் கவியும்வரை வெயில் கண்ணாடியைத் தீண்டும். கண்ணாடிக்கு மேல் சிறிது நீண்ட இறவாரமோ, அதுவும் இல்லையேல் சுண்ணாம்புப் பூச்சோ போதுமானது. பூச்சை மழையே கழுவிவிடும். இந்த மழையோ வேறொரு பிரச்சினை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வதும், பெரும்பாலும் நான்கு மாதங்களில் கொட்டித் தீர்ப்பதுமான இப்பிரதேசத்தில், கூரைச் சரிவுகள் சந்திக்கும் கூடல்வாய் குறுகலாயிருந்தால் நீர் இயந்திரங்களின்மேல் வழியும். 1,000 சதுர மீட்டர் கூரையில் ஆண்டொன்றுக்கு விழும் 20 லட்சம் லிட்டரும் சேமிக்கத்தக்கதே எனினும், அதற்கேற்ற தொட்டிக்கு இடம் தேடுவதே கஷ்டம்.

காற்றைப் பற்றிய பாடத்தை ரேயான் தொழில் புகட்டியது. மோஹனேயில் நேஷனல் ரேயானும், சஹாடில் 1956 முதல் செஞ்சுரி ரேயானும் நடைபெற்றன. மரக்கூழைக் காஸ்டிக் சோடாவுடனும் கார்பன் டைசல்பைடுடனும் வினைப்படுத்திக் கரைத்து, கந்தக அமிலத் தொட்டியில் இழையாக்கும் இம்முறையில் எழும் கார்பன் டைசல்பைடு ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. நீராவிக் குழாயின் சூடுபட்டாலும் தீப்பற்றக்கூடியது. ஆகையால் கூரையில் விசிறி வைப்பது வீண். தரையை ஒட்டியே உறிஞ்சு வாய்களை அமைத்து, ஆவியை உறிஞ்சுகரியில் பிடித்து மீண்டும் உபயோகிப்பதே முறை. காற்றோட்டத்தையும் வெளிச்சத்தையும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 13, 17ஆம் பிரிவுகளில் கட்டாயமாக்கிற்று.

கழிவுநீர் விஷயத்தில், எல்லா ஆலைகளின் நீரையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கலப்பதைவிட அமில நீர், கார நீர், சாய நீர் ஆகியவற்றை ஆலைக்குள்ளேயே தனித்தனி வடிகாலில் பிரிப்பது சிலாக்கியமானது. இதில் கவனம் அவசியம், ஏனெனில் கல்யாண் மக்களின் குடிநீரும் உல்லாஸ் ஆற்றிலிருந்தே வருகிறது.

டோம்பிவிலி ரசாயன ஆலைகளில் 2016 மே, 2024 மே ஆகிய மாதங்களில் நேர்ந்த வெடிவிபத்துகள் ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடைவெளி அவசியம் என்பதை நிரூபித்தன. தற்காலத்தில் இந்திய பசுமைக் கட்டடக் குழு தொழிற்சாலைகளுக்குத் தரச்சான்று வழங்குகிறது. ரம்பப் பல் கூரையின் தெற்குச் சரிவில் சூரிய மின்தகடுகளும் பதிக்கப்படுகின்றன.