விமானி தூண்டும் அலைவு

விமானத்தின் போக்கைத் திருத்த விமானி தரும் கட்டளைகளே, விமானத்தின் மறுவினை காலந்தாழ்வதால், திருத்த வேண்டிய பிழையைப் பெருக்கி, அதன் மூக்கை மேலும் கீழுமாகவோ இறக்கைகளைப் பக்கவாட்டிலோ தொடர்ந்து ஆடச் செய்யும் நிலை விமானி தூண்டும் அலைவு எனப்படும். பெயர் விமானியைக் குற்றம் சாட்டுவதுபோல் ஒலித்தாலும், மனிதனும் எந்திரமும் ஒரே பின்னூட்டச் சுற்றில், அதாவது விளைவைக் கண்டு அடுத்த கட்டளை பிறக்கும் வளையத்தில், இணைவதால் எழும் இக்குறை பெரும்பாலும் வடிவமைப்பைச் சார்ந்ததே.

1977 அக்டோபர் 26 அன்று, கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் எண்டர்பிரைஸ் விண்ணோடம் தனது 5ஆம் தனிப்பறப்பின் முடிவில் தரையிறங்கியபோது இவ்வாறு ஆடி, ஓடுபாதையிலிருந்து துள்ளி எழுந்தது. கட்டுப்பாட்டு அமைப்பின் காலத்தாமதமும், எலிவான் எனப்படும் இறக்கைப் பின்விளிம்பு அசைபரப்புகளின் வேகத்துக்கு இருந்த வரம்பும் இதற்குக் காரணங்களாயின. அசைபரப்பு அவ்வரம்பைத் தொட்டபின், விமானி கட்டுப்பாட்டுக் கோலை எவ்வளவு வலிந்து அசைக்கிறாரோ அவ்வளவுக்குத் தாமதமும் கூடுகிறது என்பதே இதன் மிகக் கொடிய இயல்பு. நாசா 1978இல் எஃப்-8 விமானத்தில் தாமதங்களை வேண்டுமென்றே புகுத்திச் சோதித்தது. அலைவின் அறிகுறி தென்பட்டதும் கோல் அசைவின் வலிமையைத் தானே குறைக்கும் வடிப்பான் ஒன்று, இவ்வாய்வுகளின் வழியே உருவாகி, விண்ணோடங்களில் பொருத்தப்பட்டது.