காலியான பாதைகளின் மறுவாழ்வு: பிரெஞ்சு நாட்டுப்புறச் சைக்கிள் வழிகளின் வரலாற்று உருவாக்கம்

முன்னுரை

மோட்டார் வண்டிகளின் தொல்லை இல்லாமல் நாள்கணக்கில் சைக்கிள் மிதிக்கக்கூடிய நாடு என்று பிரான்சுக்கு ஒரு பெயர் உண்டு. லுவார் நதிக்கரை, பிரித்தானியின் கால்வாய்க் கரை, பர்கண்டியின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் பழைய ரயில் தடம் ஆகியவை இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சான்றுகள். இந்தப் பெருமை பெரும்பாலும் 1990களுக்குப் பிந்தைய பசுமைக் கொள்கைகளின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. இக்கட்டுரை அந்தக் காலவரிசையைப் பின்னோக்கி நீட்டுகிறது. பாதைகளை அமைத்தது 19ஆம் நூற்றாண்டு. அவற்றைக் காலியாக்கியது 20ஆம் நூற்றாண்டு. அதன் இறுதியில் வந்த கொள்கை, காலியாகக் கிடந்தவற்றுக்குப் பெயரும் பலகையும் சட்டத் தகுதியும் தந்தது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம். ஊர்ச்சாலை, கால்வாய்க் கரை, ரயில் தடம் ஆகிய மூன்றின் வழியே இது ஆராயப்படுகிறது.

1. ஊர்ச்சாலைகளும் 1836ஆம் ஆண்டுச் சட்டமும்

பிரான்சின் மொத்தச் சாலை நீளம் சுமார் 11 லட்சம் கிலோமீட்டர். இதில் அதிவேகச் சாலைகள் ஏறத்தாழ 12,000 கிலோமீட்டர்தான். மீதியில் மிகப் பெரும்பகுதி தெபார்த்மான் எனப்படும் மாவட்டங்களும், கொம்யூன் எனப்படும் ஊராட்சிகளும் பராமரிப்பவை. இவ்வளவு அடர்த்தியான சிறுசாலை வலைக்கு வித்திட்டது 1836 மே 21ஆம் நாள் சட்டம். ஊர்களை இணைக்கும் சாலைகளைச் செப்பனிடுவதை அது கொம்யூனின் கட்டாயக் கடமையாக்கியது. கையில் போதிய பணமில்லாத ஊர், தன் குடிமக்களிடமிருந்து ஆண்டுக்கு மூன்று நாள் உழைப்பைப் பெறலாம். ஆளோடு அவருடைய வண்டியும் இழுவை விலங்குகளும் கணக்கில் சேர்ந்தன. வேலைக்கு வர விரும்பாதவர் ஈடாகப் பணம் கட்டலாம்.

இந்த ஏற்பாட்டின் விளைவு, ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ஒன்றுக்கு இரண்டாகச் சாலைகள் அமைந்தது. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போகும் வேகத்துக்கு அவை போதுமானவை. வயல் வரப்பை ஒட்டியும் மேட்டைச் சுற்றியும் வளைந்து போனதால் பிற்காலத்தில் வேகமாக ஓடிய வண்டிகளுக்கு அவை தோதுப்படவில்லை. அந்தக் குறைதான் பின்னர் சைக்கிளுக்குச் சாதகமாயிற்று.

2. ஃப்ரெய்சினே திட்டம்: தண்டவாளமும் தண்ணீரும்

பொதுப்பணி அமைச்சர் ஷார்ல் த ஃப்ரெய்சினே 1879இல் சட்டமாக்கிய திட்டம் மற்ற இரண்டு வழிகளையும் ஒருசேரப் பாதித்தது. 181 புதிய ரயில் தடங்களைப் பட்டியலிட்ட அத்திட்டத்தின் நோக்கம், துணை ஆட்சியர் அலுவலகம் உள்ள சிற்றூர்களுக்கும் ரயிலைக் கொண்டுசெல்வது. அதே ஆண்டு ஆகஸ்ட் சட்டம், முதன்மைக் கால்வாய்களில் படகை ஏற்றி இறக்கும் மதகுகள் 38.5 மீட்டர் நீளமும் 5.2 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும் என்று வரையறுத்தது.

வருமானத்தைவிடத் தேசிய ஒற்றுமையையும் தேர்தல் தொகுதிகளின் கோரிக்கையையும் முன்னிறுத்திப் போடப்பட்ட தடங்கள் பல. பயணிகள் குறைவு, சரக்கும் குறைவு. ஆனாலும் பொறியியல் தரத்தில் சமரசம் இருக்கவில்லை. மேடுகளை வெட்டி, பள்ளங்களில் கரை எழுப்பி, சரிவை மிகக் குறைவாக வைத்தார்கள். நீராவி எஞ்சினுக்காகச் சமன்செய்த இந்த மண்கரை, மனிதக் கால்களுக்கும் ஏற்றதாக அமைந்தது.

3. சைக்கிளின் வருகையும் சாலையைத் தேர்ந்தெடுக்கும் கலையும்

1890இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சுச் சுற்றுலாக் கழகம் சைக்கிள் ஓட்டிகளின் அமைப்பாகவே பிறந்தது. 1893இல் ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஆண்டுக்கு 10 பிராங்க் வரி விதிக்கப்பட்டது. அந்த வரியின் பதிவேடுகளே வரலாற்று ஆய்வாளருக்கு நல்ல ஆவணமாயின: 1914இல் பிரான்சில் சுமார் 35 லட்சம் சைக்கிள்கள் இருந்ததை அவற்றிலிருந்து அறிகிறோம்.

பந்தயத்திலிருந்து வேறுபட்ட பயணச் சைக்கிள் மரபை வளர்த்தவர் பால் த விவி (1853–1930). ‘வேலோசியோ’ என்ற புனைபெயரில் சேந்த்-எத்தியென் நகரிலிருந்து அவர் 1887 முதல் ஒரு சைக்கிள் இதழை நடத்தினார். மலைச்சாலைகளில் சாதாரண மனிதரும் ஏற உதவும் பல்வகைக் கியர்களை விடாமல் ஆதரித்தார். துர் த பிரான்ஸ் பந்தயத்தின் நிறுவனர் ஆன்ரி தெக்ரான்ஷோ கியரை எதிர்த்தார். அப்பந்தயத்தில் கியர் மாற்றி அனுமதிக்கப்பட்டது 1937இல்தான். அவ்வாண்டு வென்றவர் ரோஷே லப்பெபி. வேலோசியோ தாம் வாழ்ந்த நகரில் டிராம் மோதி இறந்தார் என்பது, நகரத் தெருக்கள் ஏற்கெனவே சைக்கிளுக்கு எவ்வளவு ஆபத்தாகியிருந்தன என்பதைக் காட்டுகிறது.

1910இல் வெளிவரத் தொடங்கிய மிஷலன் வரைபடங்கள் இன்னொரு கருவியாயின. இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு அளவில் அமைந்த அவை மோட்டார் கார் ஓட்டிகளுக்காகவே அச்சிடப்பட்டவை. சிவப்புக் கோடு முதன்மைச் சாலை, மஞ்சள் அடுத்த நிலை, வெள்ளை சிறுசாலை. ஓரத்தில் பச்சைக் கோடு ஓடினால் காட்சிக்கு இனிய சாலை. பிற்காலச் சைக்கிள் பயணிகள் இதைத் தலைகீழாக வாசித்தார்கள். கார்காரர் சிவப்பைத் தேட, இவர்கள் சிவப்பை ஒதுக்கி வெள்ளையைப் பிடித்தார்கள். அரசு எந்தப் பலகையும் நடுவதற்கு முன்பே அமைதியான வழிகளின் ஒரு வலை இப்படிப் பயணிகளின் பழக்கத்தில் உருவாகிவிட்டது.

4. வெறிச்சோடிய நாட்டுப்புறம்

முதல் உலகப் போர் ஏறத்தாழ 13 லட்சம் பிரெஞ்சு வீரர்களைப் பலிகொண்டது. அவர்களில் பெரும்பங்கினர் கிராமத்து இளைஞர்கள். 1931 கணக்கெடுப்பில் நகர மக்கள்தொகை முதன்முறையாகக் கிராம மக்கள்தொகையை மிஞ்சியது. 1936இல் மக்கள் முன்னணி அரசு இரண்டு வார ஊதிய விடுப்பைச் சட்டமாக்கியபோது, இருவர் மிதிக்கும் டாண்டம் சைக்கிளில் தொழிலாளர் குடும்பங்கள் கிளம்பின. ஊர்கள் தம் மக்களை இழந்த அதே காலத்தில் நகரம் அங்கே விடுமுறைக்கு வரத் தொடங்கியது.

1938இல் ரயில் நிறுவனங்கள் ஒன்றிணைந்து தேசிய ரயில் கழகம் உருவானதும், வருவாயற்ற கிளைத் தடங்களில் பயணிகள் சேவை வேகமாக நிறுத்தப்பட்டது. போருக்குப் பின் லாரியும் காரும் எஞ்சியதையும் பறித்தன. கால்வாய்ப் படகுகளுக்கு மோட்டார் வந்ததால், அவற்றைக் குதிரைகள் இழுத்துச்சென்ற கரைப்பாதை வேலையற்றுப் போனது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் கட்டண அதிவேகச் சாலைகளுக்கு வழிதிறந்தது. தொலைதூரப் போக்குவரத்து அவற்றுக்கு மாறிய இடங்களில் பழைய சாலைகளின் சுமை குறைந்தது.

5. மீட்பு: இரண்டு எடுத்துக்காட்டுகள்

நாந்த்–பிரெஸ்த் கால்வாய் போருக்காகப் பிறந்தது. ஆங்கிலேயக் கடற்படை துறைமுகங்களை முற்றுகையிட்டதால் உள்நாட்டு நீர்வழி தேவை என்று கருதிய நெப்போலியன் காலத்தில், 1811இல் பணி தொடங்கியது; 1842இல் முடிந்தபோது அந்த முற்றுகையும் இல்லை, நெப்போலியனும் இல்லை. 364 கிலோமீட்டர் நீளத்தில் இருநூற்றுக்கு மேற்பட்ட மதகுகள். குளோமெல் அருகே உள்ள பெரும் வெட்டைத் தோண்டியவர்கள் கைதிகள். 1920களில் கட்டப்பட்ட கெர்லேதான் அணை நீர்வழியை நடுவில் துண்டித்தது. படகு முழுத்தூரம் போக முடியாத கால்வாயின் கரையில் இன்று சைக்கிள் போகிறது.

இரண்டாவது, பர்கண்டியில் சோன்-எ-லுவார் மாவட்டம். ஜிவ்ரிக்கும் க்ளுனிக்கும் இடையே கைவிடப்பட்ட ரயில் தடத்தின் மேல் 1997இல் மாவட்ட நிர்வாகம் தார் பாவி, 44 கிலோமீட்டர் பாதையைத் திறந்தது. பிரான்சின் முதல் ‘வுவா வெர்த்’, அதாவது பசுமைப் பாதை, என்று இதுவே பொதுவாகக் குறிக்கப்படுகிறது. மாக்கோன் நோக்கிய நீட்சியில் சுமார் 1.6 கிலோமீட்டர் நீளமுள்ள புவா க்ளேர் சுரங்கம் இருக்கிறது. அங்கே வௌவால்கள் குளிர்கால உறக்கத்தில் இருப்பதால் அம்மாதங்களில் சுரங்கம் மூடப்படும். சைக்கிள்காரர் குன்றின் மேல் ஏறித்தான் கடக்க வேண்டும். ரயில் போனபின் அவ்விடத்தில் குடியேறியவர்கள் மனிதர்கள் மட்டுமல்லர் என்பதை ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது.

இதன்பின் தேசியக் கொள்கை வந்தது. 1998 டிசம்பரில் அமைச்சரவைக் குழு நாடு தழுவிய சைக்கிள் வழித் திட்டத்தை ஏற்றது. 2010இல் அது திருத்தப்பட்டது. 2004 செப்டம்பர் ஆணை பசுமைப் பாதையைச் சாலை விதித்தொகுப்பில் சேர்த்தது: மோட்டாரில்லா வண்டிகள், நடப்போர், குதிரையேறுவோர் ஆகியோருக்கு மட்டுமான சாலை. 2012இல் ரோஸ்கோஃப் முதல் ஸ்பெயின் எல்லை வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ‘வேலோதிசே’ சைக்கிள் வழி தொடங்கிவைக்கப்பட்டது.

6. விவாதப் புள்ளிகள்

இந்த மரபுரிமை சிக்கலற்றதல்ல. தண்டவாளத்தைப் பெயர்த்து அங்கே தார் போட்டால் ரயில் திரும்பிவரும் வாய்ப்பு அரிதாகிறது என்று ரயில் ஆதரவாளர்கள் எதிர்க்கிறார்கள். பாதையாக மாற்றியதால்தான் அந்த நிலம் துண்டுதுண்டாக விற்கப்படாமல் தப்பியது என்பது மறுதரப்பின் விடை. தளத்திலும் தகராறு உண்டு. மெல்லிய டயர் சைக்கிளுக்குத் தார் வேண்டும். குதிரைக்கும் நடப்பவருக்கும் அழுத்திய சரளை போதும்.

இவற்றைவிட முக்கியமானது வேறொன்று. நீண்ட சைக்கிள் வழிகளான ‘வேலோரூத்’ முழுவதும் பசுமைப் பாதையில் செல்வதில்லை. கரையும் தடமும் முடியும் இடங்களில் அவை 1836 மரபின் ஊர்ச்சாலைகளில்தான் ஓடுகின்றன. அவற்றுக்குப் பசுமைப் பாதையின் சட்டக் காப்பு இல்லை. 2018 ஜூலையில் நடுத் தடுப்பற்ற இருவழிச் சாலைகளின் வேக வரம்பு 90இலிருந்து 80 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. 2019 இறுதியில் வந்த சட்டம், தம் சாலைகளில் பழைய வரம்புக்குத் திரும்ப மாவட்டங்களுக்கு அனுமதி தந்தது. பல மாவட்டங்கள் திரும்பின.

முடிவுரை

பிரெஞ்சு நாட்டுப்புறத்தின் அமைதி, மிகையாகக் கட்டியதும் பின்னர் மக்கள் வெளியேறியதும் சேர்ந்து விளைவித்தது என்பதை மேற்கண்ட மூன்று வழிகளின் வரலாறும் காட்டுகிறது. கால்வாய்க் கரையும் ரயில் தடமும் சட்டத்தின் துணையால் அந்த அமைதியைத் தக்கவைத்துக்கொண்டன. ஊர்ச்சாலையின் அமைதிக்கோ அங்கே ஆள் குறைவு என்பது தவிர வேறு காவல் இல்லை. கிராமங்களுக்கு மக்கள் திரும்ப வேண்டும் என்பது பல கொம்யூன்களின் விருப்பம். அது நிறைவேறும் ஊர்களில் சைக்கிள் வழி நிலைக்க வேண்டுமானால், 2004 ஆணை தடங்களுக்குச் செய்ததை இனி யாராவது வெள்ளைக் கோட்டுச் சாலைகளுக்கும் செய்தாக வேண்டும்.